எந்த அளவுகோலில் நூறு?

நூறு பாகை!

இந்த எண்ணைக் கேட்டவுடன் நெஞ்சு திடுக்கிடுகிறதா? நில். பயப்படுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேள்: எந்த அளவுகோலில் நூறு?

செல்சியஸில் நூறு என்றால் கேத்தலில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. பரனைட்டில் நூறு என்றால் பிள்ளைக்கு உடம்பு இலேசாகக் காய்கிறது. கஞ்சி கொடுத்து, படுக்க வைத்து, கவனித்துக்கொள்ளலாம். கெல்வினில் நூறு என்றால் செல்சியஸில் அது சைபருக்குக் கீழே 173 பாகை. பூமியின் தரையில் இதுவரை அளந்த மிகக் கொடிய குளிர் 1983இல் அந்தாட்டிக்காவின் வொஸ்தொக் நிலையத்தில் பதிவானது. அதுவே சைபருக்குக் கீழே 89.2 பாகைதான். கெல்வினின் நூறு அதைவிடப் பயங்கரமான குளிர்.

ஒரே நூறு! ஓரிடத்தில் கொதிநீர், ஓரிடத்தில் காய்ச்சல், ஓரிடத்தில் காற்றே திரவமாகும் நிலையை நெருங்கும் குளிர். வெறும் எண் உனக்கு எதையும் சொல்லாது. அதன் பின்னால் நிற்கும் அளவுகோல்தான் பேசும்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைப் பிள்ளைகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். களுவாஞ்சிக்குடியில், காத்தான்குடியில், ஏறாவூரில், கொக்கட்டிச்சோலையில், வெல்லாவெளியில், வவுணதீவில், "எனக்குக் கணக்கு ஏறாது" என்று சொல்லிக்கொண்டு கடைசி வாங்கில் தலைகுனிந்திருக்கும் ஒவ்வொரு தம்பிக்கும் தங்கச்சிக்கும் எழுதுகிறேன். வெப்பநிலையை ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்கு மாற்றுவது அரைப் பக்கத்தில் முடியும் கணக்கு. அந்த அரைப் பக்கத்தை நீ உன் கையாலேயே கட்டியெழுப்பு. அதன்பிறகு எவரும் ஓர் எண்ணைக் காட்டி உன்னை மிரட்ட முடியாது!

ஒரு வாவி, இரு கரை

நம் வாவியைப் பார். கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே சூரியன் படும் பக்கம் படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறித்தான் மக்கள் கரை மாறினார்கள். மண்டூர் முருகனைக் கும்பிடப் போனவர்கள் குருமண்வெளியில் பாதை ஏறினார்கள். இக்கரையில் ஏறியவர் அக்கரையில் இறங்கும்போது வேறு ஆளாகவா இறங்கினார்? அதே ஆள், அதே பை, அதே பசி. கரையின் பெயர் மட்டும் மாறியது.

வெப்பநிலை மாற்றமும் அவ்வளவுதான். செல்சியஸ் கரையில் 37 என்று ஏறிய உடற்சூடு பரனைட் கரையில் 98.6 என்று இறங்குகிறது. உடம்பு ஒன்று, சூடு ஒன்று. உருகும் பனிக்கட்டி ஒன்றை மேசையில் வை. செல்சியஸ் அதைப் பார்த்து 0 என்கிறது. பரனைட் 32 என்கிறது. கெல்வின் 273.15 என்கிறது. பனிக்கட்டி மூன்றையும் கேட்டுக் கலங்குகிறதா? அது பாட்டுக்கு உருகிக்கொண்டிருக்கிறது.

நீ மட்டும் ஏன் கலங்குகிறாய்? ஒரு தவணைப் பரீட்சையின் எண், ஓர் உறவினரின் ஒப்பீடு, ஓர் அதிகாரியின் அலட்சியப் பார்வை. இவையெல்லாம் யாரோ ஒருவருடைய அளவுகோலில் விழுந்த உன் எண்கள். எண்ணைப் பார்த்து அழுவதை விடு. அளவுகோல் எங்கே தொடங்குகிறது, அதன் ஒரு படி எவ்வளவு பெரிது என்று விசாரி. விசாரிக்கத் தெரிந்தவனே கற்றவன்!

தாயும் தகப்பனும் இல்லாத சிறுவன்

இந்த அளவுகோல்களை வைத்தவர்கள் வானத்திலிருந்து இறங்கியவர்களா? கேள்.

டானியல் கப்ரியல் பரனைட் 1686இல் டான்சிக் நகரில் பிறந்தார். இன்று அது போலந்தின் கிடான்ஸ்க். 1701இல், அவருக்குப் பதினைந்து வயதில், தாயும் தகப்பனும் ஒரே நாளில் மாண்டார்கள். உண்ட காளான் நஞ்சானது என்று வரலாறு சொல்கிறது. வணிகம் பழகு என்று பாதுகாவலர்கள் பையனை அம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள். அவன் மனம் கணக்குப் புத்தகத்தில் நிற்கவில்லை. கண்ணாடிக் குழாய்களிலும் கருவிகளிலும் போய் ஒட்டிக்கொண்டது. ஊர் ஊராய் அலைந்தான். 1708இல் கோப்பன்ஹேகனில் ஓலே ரோமர் என்ற வானியலாளரைச் சந்தித்து, அவர் வெப்பமானி செய்யும் முறையைக் கூர்ந்து பார்த்தான்.

அந்தக் காலத்தில் இரண்டு வெப்பமானிகளை ஒரே அறையில் வைத்தால் இரண்டும் இரண்டு எண்ணைச் சொல்லும். 1714இல் பரனைட் தான் செய்த இரண்டு வெப்பமானிகளைக் கிறிஸ்டியன் வோல்ஃப் என்ற ஜேர்மானிய அறிஞரிடம் கொடுத்தார். இரண்டும் ஒரே அளவைக் காட்டின. அறிஞர் வியந்துபோனார். பிறகு பரனைட் மதுசாரத்தை விட்டுப் பாதரசத்தைக் குழாயில் ஏற்றினார். 1724இல் தன் அளவுமுறையை இலண்டன் ரோயல் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். அதே ஆண்டில் அந்தச் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. பள்ளிப் பட்டம் இல்லாமல், பெற்றோர் இல்லாமல், கைத்திறனை மட்டும் நம்பி வந்த மனிதர்!

அவருடைய சைபர் எப்படி வந்தது? பனிக்கட்டியையும் தண்ணீரையும் நவச்சாரத்தையும் கலந்தார். அந்தக் கலவையின் குளிரைச் சைபர் என்று வைத்தார். பனிக்கட்டியும் தண்ணீரும் மட்டும் சேர்ந்த நிலைக்கு 32 கொடுத்தார். நலமான மனிதனின் உடற்சூட்டுக்கு 96 கொடுத்தார். தண்ணீர் கொதிக்கும் நிலை 212 ஆக நிற்கும்படி பிற்காலத்தில் அளவைச் சீராக்கியபோதுதான் உடற்சூடு 98.6க்கு நகர்ந்தது.

அவர் அம்ஸ்டர்டாமில் இந்தக் கருவிகளைச் செய்துகொண்டிருந்த நாட்களில் நம் புளியந்தீவுக் கோட்டையில் பறந்தது ஒல்லாந்தர் கொடி. போர்த்துக்கேயர் கட்டிய அந்தக் கோட்டையை ஒல்லாந்தர் 1638இல் முதன்முதலில் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்த பரனைட் அளவு நம் வீட்டுக் காய்ச்சலில் இன்னும் குடியிருக்கிறது. அம்மா "நூற்றிரண்டு" என்கிறாள். வளிமண்டலவியல் திணைக்களமோ "முப்பத்துமூன்று" என்கிறது. ஒரே வீட்டுக்குள் இரண்டு அளவுகோல்! இரண்டையும் ஆளத் தெரிந்த பிள்ளை அந்த வீட்டில் வேண்டாமா?

தலைகீழாக நின்ற அளவுகோல்

அடுத்தவர் அண்டர்ஸ் செல்சியஸ். சுவீடனின் உப்சாலா நகரத்து வானியலாளர். பூமியின் வடிவத்தை அறிய 1736இல் லப்லாந்துப் பனிநாட்டுக்குப் புறப்பட்ட ஆய்வுக் குழுவோடு போய் உழைத்தவர். பனிக்கட்டி உருகும் நிலை ஊருக்கு ஊர் மாறுவதில்லை என்றும், தண்ணீர் கொதிக்கும் நிலை காற்றழுத்தத்தோடு மாறும் என்றும் சோதித்துக் காட்டி, 1742இல் நூறு படி கொண்ட அளவை முன்வைத்தார்.

அந்த அளவில் தண்ணீர் கொதிப்பது 0. உறைவது 100! ஆம், தலைகீழ். 1744இல் காசநோய் அவரை 42 வயதில் கொண்டுபோனது. சில ஆண்டுகளுக்குள் அளவைத் திருப்பிவிட்டார்கள். உறைவது 0, கொதிப்பது 100 என்று ஆனது. "பெரிய மனிதர் வைத்தது, எப்படித் தொடுவது?" என்று எவரும் கைகட்டி நிற்கவில்லை. அவர் செய்த நல்ல வேலையை வைத்துக்கொண்டு, வசதியில்லாததைத் திருத்தினார்கள். 1948இல் உலக அளவையியல் மாநாடு அந்தப் பாகைக்கு அவர் பெயரையே சூட்டியது.

மனிதன் செய்த அளவுகோலை மனிதன் திருத்தலாம். உனக்கு முன்னால் இருக்கும் எந்த அளவுகோலும் இதற்கு விலக்கல்ல!

பாடமாக்காதே, கட்டு!

இப்போது வேலைக்கு வா. சூத்திரத்தைக் கிளிப்பிள்ளையாய்ப் பாடமாக்கியவன் பரீட்சை மண்டபத்தில் ஐந்தையும் ஒன்பதையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டு விழிப்பான். நீ கட்டியெழுப்பு. கட்டியதை எவரும் திருட முடியாது, மறதியும் திருட முடியாது.

இரண்டு உண்மை போதும். பனிக்கட்டி உருகுவது செல்சியஸில் 0, பரனைட்டில் 32. தண்ணீர் கொதிப்பது செல்சியஸில் 100, பரனைட்டில் 212.

உருகுவதிலிருந்து கொதிப்பது வரை செல்சியஸ் 100 படி ஏறுகிறது. பரனைட் 180 படி ஏறுகிறது. ஆகவே செல்சியஸின் ஒரு படிக்குப் பரனைட்டில் 1.8 படி. இதைத்தான் புத்தகம் ஐந்தின் கீழ் ஒன்பது (9/5) என்கிறது. செல்சியஸ் 0இல் நிற்கும்போது பரனைட் ஏற்கெனவே 32இல் நிற்கிறது. முடிந்தது! செல்சியஸை 1.8ஆல் பெருக்கி 32ஐக் கூட்டு, பரனைட் வரும். திரும்பி வரும்போது முதலில் 32ஐக் கழி, பிறகு 1.8ஆல் வகு.

கச்சான் காற்று அனலாய் வீசும் ஒரு பகலில் வெயில் 35 என்று வைத்துக்கொள். 35ஐ 1.8ஆல் பெருக்கினால் 63. 32ஐக் கூட்டினால் 95. பிள்ளையின் காய்ச்சல் பரனைட்டில் 102. 32ஐக் கழித்தால் 70. 1.8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 38.9. இதற்கு எந்த இயந்திரம் வேண்டும்?

மனக்கணக்கு வேண்டுமா? செல்சியஸை இரட்டிப்பாக்கு. வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழி. 32ஐக் கூட்டு. 30ஐ எடு: இரட்டித்தால் 60, அதில் 6 போக 54, 32 சேர 86. சந்தையில் மீன் விலை பேசும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இன்னொரு வழி இதைவிட அழகானது. இரண்டு அளவும் ஓரிடத்தில் ஒரே எண்ணைச் சொல்கின்றன: சைபருக்குக் கீழே 40. அங்கே செல்சியஸும் பரனைட்டும் ஒன்று. அதனால் எந்தப் பக்கம் போனாலும் 40ஐக் கூட்டு, பெருக்கு, 40ஐக் கழி. பரனைட்டுக்குப் போனால் ஐந்தின் கீழ் ஒன்பதால் பெருக்கு. செல்சியஸுக்கு வந்தால் ஒன்பதின் கீழ் ஐந்தால் பெருக்கு. 102ஐ இப்படிச் செய்து பார்: 142, பிறகு 78.9, பிறகு 38.9. அதே விடை! ஒரே விடைக்கு இரண்டு வழி தெரிந்தவன் தன் விடையைத் தானே சரிபார்த்துக்கொள்வான். சரி போட ஆசிரியரின் சிவப்புப் பேனைக்காகக் காத்திருக்க மாட்டான். தன்னம்பிக்கையின் முதல் படி இதுதான். கண்ணை மூடிக்கொண்டு "என்னால் முடியும்" என்று நூறு தரம் சொல்வதைவிட, ஒரு விடையை இரண்டு வழியில் சரிபார்த்து "இது சரி" என்று ஒரு தரம் சொல்வது வலிமையானது.

இந்தக் கணக்கு பரீட்சைத்தாளோடு முடிவதில்லை. படுவான்கரை பால் வளம் கொழிக்கும் மண். நம் தயிருக்கு ஊரெல்லாம் பெயர். நாளை நீ ஒரு சிறு பால் தொழிலகம் தொடங்கலாம். பாலை 63 பாகை செல்சியஸில் அரை மணி நேரமோ, 72இல் 15 செக்கனோ வைத்துக் கிருமி நீக்குவது உலக வழக்கம். அமெரிக்க இயந்திரம் வந்தால் கைந்நூலில் 145, 161 என்றிருக்கும். அந்த எண்களைக் கண்டு திகைக்கும் முதலாளியாய் இருக்கப்போகிறாயா, கடதாசியின் ஓரத்தில் மாற்றி எழுதிவிட்டு வேலையைத் தொடங்கும் முதலாளியாய் இருக்கப்போகிறாயா? தாதியாய்ப் போனால் தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி 2க்கும் 8க்கும் இடையில் நிற்க வேண்டும். பரனைட் காட்டும் மானியில் அது ஏறக்குறைய 36க்கும் 46க்கும் இடையில். வெதுப்பகம் வைத்தால் பரனைட் சமையற் குறிப்பின் 350 உன் அடுப்பில் 177. கட்டாருக்கோ கனடாவுக்கோ போனாலும் இந்தக் கணக்கு உன்னோடு வரும். அதற்குக் கடவுச்சீட்டு வேண்டாம்!

விழக்கூடாத மூன்று குழிகள்

முதற்குழி: வித்தியாசத்தை மாற்றும்போது 32ஐக் கூட்டுவது. காய்ச்சல் 2 பாகை செல்சியஸ் இறங்கியது என்றால் பரனைட்டில் எவ்வளவு இறங்கியது? பலர் 35.6 என்று எழுதிவிடுவார்கள். அவ்வளவு இறங்கினால் பிள்ளை பிழைக்குமா? சரியான விடை 3.6. 2015 பாரிஸ் உடன்படிக்கை பேசும் 1.5 பாகை உயர்வு பரனைட்டில் 2.7. அங்கே 32க்கு இடமில்லை. ஏன்? 32 தொடக்கப்புள்ளியின் எண். இரண்டு நிலைகளின் வித்தியாசத்தை எடுக்கும்போது தொடக்கப்புள்ளி தானாகக் கழிந்துபோகிறது!

இந்த வரியை இன்னொரு தரம் படி. வித்தியாசத்தை எடுத்தால் தொடக்கப்புள்ளி கழிந்துபோகிறது. 1978 நவம்பரில் சூறாவளி அடித்த மண் இது. கால் நூற்றாண்டுக்கு மேல் போர் கிடந்த மண். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறிய மண். கொழும்பில் ஒரு பிள்ளை தொடங்கிய இடத்தில் உன் வீட்டால் தொடங்க முடியவில்லை. இது உண்மை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் உன் வளர்ச்சியை அளக்கும்போது அந்தத் தொடக்கத்தை ஏன் கூட்டுகிறாய்? போன தவணை 30, இந்தத் தவணை 45. நீ ஏறியது 15. அந்த 15 முழுக்க முழுக்க உன்னுடையது. எவருடைய 32ம் அதில் கலக்கவில்லை!

இரண்டாம் குழி: மாற்றிய எண்ணின் தசமத்தை வேதவாக்காய் எடுப்பது. லைப்சிக் நகரத்து வைத்தியர் கார்ல் வுண்டர்லிக் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சூட்டை அளந்து 1868இல் நூல் வெளியிட்டார். மனித உடலின் சராசரிச் சூடு 37 என்றார். அது உருட்டி எடுத்த எண். பரனைட்டுக்கு மாற்றினார்கள், 98.6 வந்தது. தசமப் புள்ளியைக் கண்டதும் அது பத்தில் ஒரு பாகைக்குத் துல்லியம் என்று உலகம் நம்பிவிட்டது. 99 கண்டால் வீடே பதறுகிறது. உண்மையில் நலமான உடம்பின் சூடு காலையில் குறையும், மாலையில் ஏறும், ஆளுக்கு ஆள் மாறும். மாற்றிய எண் மூல எண்ணைவிட அதிகம் அறிந்ததல்ல. எவராவது உன் எதிர்காலத்தைத் தசமப் புள்ளியோடு சொன்னால், மூல எண்ணை எப்படி அளந்தாய் என்று நிமிர்ந்து கேள்!

மூன்றாம் குழி: "40 என்பது 20இன் இருமடங்கு, ஆகவே இருமடங்கு சூடு" என்பது. அதே இரண்டையும் பரனைட்டில் எழுது: 68, 104. இருமடங்கு எங்கே போனது? சைபர் இயற்கையின் சைபராக இல்லாத அளவுகோலில் மடங்குக் கணக்கு செல்லாது. உண்மையை அறிய இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டும்.

உண்மையான சைபர்

அந்த ஆழத்துக்குப் போனவர் வில்லியம் தொம்சன். 22 வயதில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 24 வயதை எட்டிய 1848இல், எந்தப் பொருளையும் சாராத ஓர் அளவுகோலை முன்வைத்தார். பின்னாளில் அவர் கெல்வின் பிரபு ஆனார். அளவும் அவர் பெயரைப் பெற்றது. கெல்வினின் ஒரு படியும் செல்சியஸின் ஒரு படியும் ஒரே பருமன். தொடக்கம்தான் வேறு. செல்சியஸோடு 273.15ஐக் கூட்டினால் கெல்வின். வெப்பநிலை இதற்கு மேல் குறைய முடியாது என்ற இடத்தில் கெல்வினின் சைபர் நிற்கிறது.

இங்கேதான் 20க்கும் 40க்கும் உள்ள உண்மை தெரியும். கெல்வினில் அவை 293.15, 313.15. வித்தியாசம் ஏழு சதவீதம்கூட இல்லை! செல்சியஸ் சைபர் என்று எழுதிய பனிக்கட்டியிடமும் 273 கெல்வின் வெப்பநிலை இருக்கிறது. வெளியில் அது குளிர்ந்து கிடந்தாலும் அதன் துகள்கள் உள்ளே ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன.

கணக்கில் சைபர் வாங்கிய தம்பி, கேட்டாயா? அந்தச் சைபர் ஒரு தாளின் சைபர். உன் அறிவின் சைபர் அல்ல. தோணி வலிக்கத் தெரிந்தவன் நீ. நீரோட்டத்தைப் பார்த்து வலை வீசத் தெரிந்தவன் நீ. வயலுக்கு எத்தனை மரைக்கால் விதை வேண்டும் என்று கணிக்கத் தெரிந்த வீட்டின் பிள்ளை நீ. அந்தத் தாள் இதில் எதையும் அளக்கவில்லை. பக்கத்தில் இருப்பவன் 80 எடுத்தான், நீ 40 எடுத்தாய் என்பதால் அவன் உன்னைவிட இருமடங்கு மனிதனாகிவிடவில்லை. அந்தக் கணக்கே செல்லாது!

காரைதீவுப் பிள்ளை

"இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை" என்கிறாயா? வா, தெற்கே காரைதீவுக்குப் போவோம். 1892 மார்ச் 27இல் அங்கே மயில்வாகனன் என்ற பிள்ளை பிறந்தது. கல்முனையில் படித்தது. மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் படித்தது. விஞ்ஞானம் கற்று, விஞ்ஞான ஆசிரியராய் நின்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வென்றது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டத்தையும் வென்றது. இலண்டனின் அளவுகோலும் மதுரையின் அளவுகோலும் ஒரே ஆளை அளந்தன. இரண்டிலும் அவர் நிமிர்ந்து நின்றார்.

அவர்தான் சுவாமி விபுலானந்தர். 1924இல் துறவு பூண்டார். கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்லக் கலைச்சொற்கள் வேண்டும் என்று முன்னின்று உழைத்தார். பல ஆண்டு ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலை அரங்கேற்றினார். வழக்கொழிந்து போன யாழின் நரம்புகளுக்கும் பழந்தமிழ்ச் சுரங்களுக்கும் கணித விகிதங்களால் அளவு கண்ட நூல் அது. பழைய அளவை இன்றைய எண்ணாக மாற்றும் வேலையை இதைவிடப் பெரிதாக நம் மண்ணில் செய்தவர் யார்? அரங்கேற்றிய சில வாரங்களில், ஜூலை 19இல், மறைந்தார். கல்லடியில் அவர் துயில்கிறார். நூல் விழித்திருக்கிறது.

விஞ்ஞானம் ஒரு கரை, தமிழ் மறு கரை என்று பிரித்தவர்கள் முன்னால், இரண்டு கரையிலும் கால்பதித்து நின்ற மனிதர் உன் வாவிக்கரையின் மனிதர்!

மாற்றினால் சூடு ஏறாது

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எண்ணை மாற்றினால் தண்ணீர் கொதிக்காது. 37ஐ 98.6 என்று எழுதினால் உடம்பின் சூடு ஒரு பாகைகூட ஏறாது. "அளவுகோல்தான் பிழை" என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பவன் இந்தக் கட்டுரையைத் தவறாகப் படித்தவன். அளவுகோலைப் புரிந்துகொள்வது அச்சத்தைப் போக்கும். சூட்டை ஏற்றுவது அடுப்பு. அடுப்பு உன் உழைப்பு. பரனைட் கண்ணாடி ஊதினார். செல்சியஸ் பனியில் நடந்தார். விபுலானந்தர் ஆண்டுக்கணக்காய் ஏடு புரட்டிக் கணக்கிட்டார். ஒருவரும் எண்ணைக் குறை சொல்லிக் காலத்தைக் கழிக்கவில்லை.

ஆகவே இன்றே தொடங்கு. ஒரு கொப்பி எடு. தினமும் காலையில் செய்தியில் வரும் வெப்பநிலையைப் பரனைட்டுக்கும் கெல்வினுக்கும் மாற்றி எழுது. ஒரு வழியில் செய், மறு வழியில் சரிபார். வீட்டில் காய்ச்சல் பார்த்தால் எண்ணை நீயே மாற்றி அம்மாவுக்குச் சொல்: 100.4 என்றால் 38, 104 என்றால் 40. டெங்கு உலவும் ஊரில் காய்ச்சலைப் பிழையில்லாமல் சொல்லத் தெரிந்த பிள்ளை வீட்டுக்குக் காவல். எண்ணைக் குறித்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போகச் சொல்லும் துணிவும் உன்னுடையதாகட்டும். ஒரு மாதத்தில் ஐந்தும் ஒன்பதும் உன் விரல் நுனியில் நிற்கும். பிறகு ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடு. சூத்திரத்தைச் சொல்லாதே. உருகும் பனிக்கட்டியில் தொடங்கிக் கட்டிக் காட்டு. அந்தப் பிள்ளை தானாகக் கட்டும்வரை விடாதே.

1814இல் ஆங்கிலப் பாடசாலை கண்ட ஊர் இது. அதுதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி எழுந்து, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான மண் இது. வழி திறந்து கிடக்கிறது. பதினைந்து வயதில் பெற்றோரை இழந்த சிறுவனால் உலகம் முழுவதற்கும் ஓர் அளவுகோல் வைக்க முடிந்தது என்றால், இந்த வாவிக்கரையிலிருந்து அடுத்த அளவுகோலை வைப்பவர் ஏன் வரக்கூடாது? வருவார். அவர் படுவான்கரையில் பாடசாலைக்கு நடந்து போகும் ஒரு தங்கச்சியாய் இருக்கலாம். இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும் நீயாய் இருக்கலாம். பேனையை எடு. கணக்கைத் தொடங்கு. உன் சூட்டை உலகம் அளக்கட்டும்!